விடுமுறைப் பயணம்: வட்டியில்லாமல் போவோம், வக்து தவறாமல் திரும்புவோம்

(கோடை விடுமுறைக்கு முன் நம் அறக்கட்டளை அரங்கில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை பற்றியும் மதரஸாவின் கோடை வகுப்பு பற்றியும் பேசுவோம். இந்த முறை வேறொரு விஷயம் பேச வேண்டியிருக்கிறது. கடந்த சில மாதங்களாக அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்கள், வந்த வேலை முடிந்ததும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்கிறார்கள். "புள்ளைங்க சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் போகணும்னு நச்சரிக்குதுங்க. போகலாமா? எவ்வளவு ஆகும்? தொழுகைக்கு என்ன செய்றது?" இவை நல்ல கேள்விகள். தயங்க வேண்டியதில்லை. நாம் எல்லோரும் சேர்ந்தே பதில் தேடுவோம்.

முதலில், கூடுமா?

பிள்ளைகள் ஊஞ்சலாடுவதும் ராட்டினம் சுற்றுவதும் மார்க்கத்துக்கு மாற்றமானவை அல்ல. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதை நாம் ஹதீஸ்களில் படித்திருக்கிறோம். பெருநாளன்று பள்ளிவாசல் முற்றத்தில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு காட்டியபோது, அன்னையார் பார்த்துத் திருப்தியடைந்து தாமாகவே திரும்பும் வரை நாயகம் அவர்கள் அருகில் நின்றுகொண்டிருந்தார்கள். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பார்த்தது போதும், வா என்று அவர்கள் அழைக்கவில்லை. குடும்பத்தார் மகிழ்வதற்காகத் தம் நேரத்தைக் கொடுத்து நின்றார்கள். பயணத்தில் நாம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதும் அந்த நேரத்தைத்தான். சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வாப்பா ஒரு மூலையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தால், எவ்வளவு செலவு செய்தும் பயனில்லை.

"அந்தப் பணத்துக்கு உம்ரா போய்விட்டு வரலாமே" என்று சிலர் சொல்கிறார்கள். உம்ரா போவது மிகச் சிறந்தது. ஆனால் பிள்ளையின் ஆசையை அதோடு மோதவிட்டு, குற்ற உணர்ச்சியை ஏற்படுத்த வேண்டாம். ஹஜ் கடமையாகும் அளவுக்கு வசதி வந்தவர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆண்டுதோறும் உல்லாசப் பயணம் போகிறார் என்றால் அது வேறு. அவர் நம் இமாம் அவர்களிடம் பேசி வரிசையைச் சரிசெய்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: கேளிக்கைக்கு அனுமதி உண்டு, வட்டிக்கும் வீண்விரயத்துக்கும் தொழுகையை விடுவதற்கும் அனுமதி இல்லை. இந்த மூன்றையும் தவிர்ப்பதற்குத்தான் திட்டம் போட வேண்டும். திட்டமில்லாமல் கிளம்புகிறவர் மூன்றிலும் மாட்டிக்கொள்கிறார்.

பணம் கையில் வந்த பிறகே பயணம்

சென்ற ஜூன் மாதம் ஒரு தாயார் கல்வி உதவி விண்ணப்பத்தோடு வந்தார். மூத்த மகனுக்குப் பதினோராம் வகுப்புக் கட்டணம் கட்ட வேண்டும். வருமானம், கடன் விவரம் எழுதும் இடத்தில் ஒரு தவணைக் கடன் இருந்தது. என்ன கடன் என்று கேட்டோம். ஏப்ரல் மாதம் ஒரு பயண ஏற்பாட்டாளர் மூலம் தவணை முறையில் சிங்கப்பூர் போய் வந்திருக்கிறார்கள். நான்கு நாள் பயணம், முப்பது மாதத் தவணை, வட்டியோடு. இளைய மகனின் உயரம் 98 சென்டிமீட்டர். பெரிய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் அவனை ஏற்றவில்லை. அப்படியிருந்தும், வரிசையில் நிற்காமல் போகும் கூடுதல் சீட்டை அவனுக்கும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார் அந்த ஏற்பாட்டாளர். மாமியாரைக் கூட்டிப் போகவில்லை, பக்கத்து வீட்டில் சாப்பாடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தத் தாயார் தம் பெயரைச் சொல்லாமல் இதை மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று அனுமதி தந்தார். கட்டணத்துக்கு அறக்கட்டளை உதவியது. மகன் படிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவர் கிளம்பும்போது சொன்ன வார்த்தை இன்றும் நம் காதில் இருக்கிறது: "சந்தோசமாத்தான் போனோம். இப்ப வீட்டுல யாரும் அந்தப் போட்டோவத் தொறந்து பாக்குறதில்ல."

மே மாதம் சுற்றுலா, ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம். நாட்காட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதை மறந்தால் இப்படித்தான் ஆகும். ஆகவே சில விஷயங்களைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறோம்.

பயணத்துக்கென்று வட்டிக் கடன் வேண்டாம், நகையை அடகு வைக்கவும் வேண்டாம். "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் வந்தால், பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன பிடிப்பார்கள் என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். தவறினால் வட்டி என்று பெரும்பாலும் உள்ளே எழுதியிருக்கும். நம் அறக்கட்டளையின் அழகிய கடன் நிதி மருத்துவம், கல்வி, தொழில் ஆகியவற்றுக்கு மட்டுமே. அதிலிருந்து பயணத்துக்குக் கேட்க வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.

பிறகு எப்படிப் போவது? சேர்த்துத்தான். தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு மூதாட்டி என்று ஐந்து பேர் சிக்கனமாகப் போனாலும் விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு லட்ச ரூபாய்க்குக் குறையாது. மாதம் 8,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் 25 மாதத்தில் இரண்டு லட்சம் சேரும். இரண்டு ஆண்டு காத்திருக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்குமா என்று கேட்பீர்கள். மாதாமாதம் அவர்கள் கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இருக்கும். ஆண்டு முடிவில் இந்தச் சேமிப்பும் ஜகாத் கணக்கில் சேரும், மறந்துவிடாதீர்கள். பயணத்துக்கு ஒதுக்கியது என்பதால் ஜகாத்திலிருந்து விலக்கு கிடையாது.

ஏற்பாட்டாளரின் தொகுப்புப் பயணம் என்றால் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை ஈடு செய்துகொள்ளலாம்.

இந்த அளவுக்கு முடியாதவர்கள் மனம் குன்ற வேண்டாம். கொச்சியில் வொண்டர்லா இருக்கிறது. பெங்களூரில் இருக்கிறது. இப்போது சென்னைக்கு அருகிலும் வந்துவிட்டது. ஒரு நாள் போய்வந்தால் போதும், பிள்ளைகள் குளிர்ந்துவிடுவார்கள். இனி சொல்லப்போகும் ஏற்பாடுகளில் பல அங்கேயும் பொருந்தும்.

யார் யார் போகிறோம்?

பணம் சேரத் தொடங்கியதும் வீட்டில் மஷூரா செய்யுங்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டு அளந்து பாருங்கள். யூனிவர்சல் ஸ்டுடியோவில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் விளையாட்டுக்கு 102 சென்டிமீட்டர் வேண்டும். ஜுராசிக் பூங்காவின் வெள்ளப் படகுக்கு 107. இருட்டில் ஓடும் மம்மி வண்டிக்கு 122. இரட்டைத் தண்டவாளத்தில் ஓடும் பெரிய உருளை வண்டிக்கு 125. வாசலிலேயே அளந்து பார்த்துத்தான் விடுவார்கள். இன்னும் ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும் என்றால் ஓராண்டு பொறுங்கள். சேமிப்பும் கூடும், பிள்ளையும் வளர்ந்திருக்கும்.

4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு இல்லை. 4 முதல் 12 வரை சிறுவர் சீட்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்குக் குறைந்த விலை. பெரியவர் சீட்டு ஒன்று 80 வெள்ளிக்கு மேல், நாளைப் பொறுத்து மாறும். வெள்ளி ஒன்று எழுபது ரூபாயை ஒட்டி இருக்கிறது. நாம் சொன்ன ஐந்து பேர் குடும்பத்துக்கு நுழைவுச் சீட்டு மட்டும் 300 வெள்ளியைத் தாண்டும், 20,000 ரூபாய்க்கு மேல். வரிசை தாண்டும் சீட்டு வேறு, அதற்குத் தனி விலை. சனி, ஞாயிறு, அந்நாட்டு விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் அது பெரும்பாலும் தேவைப்படாது. கைக்குழந்தை இருந்தால் தாயும் தந்தையும் மாறி மாறி ஏறும் வசதி உண்டா என்று ஒவ்வொரு வாசலிலும் கேளுங்கள். இரண்டாமவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

இப்போது வீட்டிலிருக்கும் மூதாட்டியைப் பற்றி. நம்மூர் சபுராளிகளின் ஊர். நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர்கள். கடையில் வேலை பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து, மீண்டும் போனவர்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் இந்தத் தெருவின் பாதி வீடுகள் எழுந்தன. கடிதத்தில் அந்த ஊரின் பெயரை ஆயிரம் முறை படித்து, அந்த ஊரை ஒருமுறையும் பார்க்காத வாப்பும்மாக்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதே ஊருக்கு ராட்டினம் சுற்றப் போகிறார்கள், அவர்கள் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்வதா? உடல் இடம் கொடுத்தால், மருத்துவரைக் கேட்டுக் கூட்டிச் செல்லுங்கள். பூங்காவில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். நிழலில் உட்கார்ந்து பார்க்கும் காட்சிகளும் உண்டு. அவர்களுக்காக ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். அந்த நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

எப்போது போவது?

அங்குள்ள பள்ளிகளுக்கு மே மாதக் கடைசியிலிருந்து ஜூன் கடைசி வரை நீண்ட விடுமுறை. நம் பிள்ளைகளுக்கு ஏப்ரல் பிற்பகுதியிலேயே விடுமுறை தொடங்கிவிடுகிறது. ஆகவே ஏப்ரல் கடைசி வாரமோ மே மாதத்தின் முதல் மூன்று வாரங்களோ நமக்கு ஏற்றவை. மே 1 தொழிலாளர் தினம், மே மாதத்தில் வரும் வெசாக் தினம் ஆகியவற்றைத் தவிருங்கள். இன்னொன்று: அடுத்த சில ஆண்டுகளுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்தில் வருகிறது. பெருநாளன்று உறவுகளையும் குர்பானியையும் விட்டுவிட்டுப் பூங்காவில் நிற்கும்படி சீட்டு எடுத்துவிடாதீர்கள். பிறையைக் கணக்குப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் நேரடி விமானம் உண்டு, நான்கு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். இரவு விமானத்தில் தூக்கம் கெட்டுப் போய் இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகாதீர்கள். செவ்வாய் போய் இறங்கி ஓய்வு, புதன் பூங்கா, வியாழன் செந்தோசாத் தீவின் கடற்கரை, வெள்ளி நகரம், சனி திரும்புதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேளுங்கள்.

தொழுகை

நம்மூரில் ஷாஃபி மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். இருவருக்கும் பயணத்தில் கஸ்ர் உண்டு. ஷாஃபி மத்ஹபில், போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் விட்டு, ஓரிடத்தில் நான்கு முழு நாட்கள் தங்குவதாக நிய்யத் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். மேலே சொன்ன ஏற்பாட்டில் முழு நாட்கள் புதன், வியாழன், வெள்ளி என மூன்றுதான். எனவே சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்களுக்குக் குறைவாகத் தங்கினால் கஸ்ர். ஆனால் ஜம்உ செய்வதில்லை, அந்தந்த வக்தில் தொழ வேண்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் வக்து அதிகம் மாறாது. ளுஹர் பகல் ஒரு மணிக்குத்தான் நுழையும். மஃரிபு மாலை ஏழு மணியை ஒட்டி. பூங்கா காலை பத்து மணியளவில் திறக்கும். ஷாஃபிகள் ளுஹருடைய வக்திலேயே "அஸரோடு சேர்த்துத் தொழுவேன்" என்று நிய்யத் வைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கு வெளியே வந்து, பள்ளிவாசலில் இரண்டையும் நிம்மதியாகத் தொழலாம். ஹனஃபிகள் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளையில் ளுஹரைத் தொழுதுவிட வேண்டும். மடிக்கும் முஸல்லா ஒன்றும் ஒளுவுக்குச் சிறு தண்ணீர் போத்தலும் பையில் இருக்கட்டும். ஓரமான இடம் எதுவென்று பணியாளரிடம் கேளுங்கள், முஸ்லிம்கள் வாழும் நாடு, புரிந்துகொள்வார்கள். கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காகச் சாய்ந்திருக்கும். மஸ்அலாவைக் கிளம்புமுன் நம் இமாம் அவர்களிடம் உங்கள் பயண நாட்களைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

செந்தோசாவுக்குப் போகும் ரயில் விவோசிட்டி கடைத்தொகுதியிலிருந்து புறப்படுகிறது. அதற்கு அருகிலேயே தெலோக் பிளாங்கா சாலையில் தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் பள்ளிவாசல் இருக்கிறது. அங்குள்ள பள்ளிவாசல்களில் பெண்கள் தொழத் தனி இடம் உண்டு. நம் தாய்மார்கள் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமையை நகரத்துக்கு வைத்ததும் இதற்காகத்தான். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்கள் 1826 இல் நிறுவியது. அங்கே ஜும்ஆவில் தமிழில் பயான் கேட்கலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா, 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது. இப்போது அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். கரையிறங்கிய நம் முன்னோர்கள் இறைவனுக்கு நன்றி சொன்ன தெருக்கள் இவை. வாப்பும்மாவை அங்கே உட்கார வைத்து, உங்கள் வாப்பாவின் வாப்பா வேலை பார்த்த தெரு எது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். முந்தின நாளெல்லாம் ராட்டினம் சுற்றிய பிள்ளைகள் அன்று உட்கார்ந்து கேட்பார்கள், இன்ஷா அல்லாஹ்.

உணவும் தங்குமிடமும்

சிங்கப்பூரில் ஹலால் சான்று தருவது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம், 1968 முதல் இயங்குகிறது. அதன் முத்திரையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். "பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை" என்று பல கடைகளில் எழுதியிருப்பார்கள். அது ஹலால் என்று பொருளல்ல. கோழி எப்படி அறுக்கப்பட்டது என்பது அதில் இல்லை. பூங்காவுக்குள்ளும் ஹலால் சான்று பெற்ற உணவகங்கள் உண்டு, வரைபடத்தில் எங்கே என்று காலையிலேயே பார்த்து வையுங்கள். பசித்த பிறகு தேடினால் பிள்ளை அழும், நாம் கண்ணில் பட்ட கடையில் நுழைந்துவிடுவோம். உள்ளே சாப்பாடு விலை அதிகம். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போய், உள்ளே ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, இரவு லிட்டில் இந்தியாவில் நம்மவர் கடையில் முடித்தால் செலவு பாதியாகும். குழாய்த் தண்ணீர் அங்கே குடிக்கத் தகுந்தது. போத்தல் கொண்டுபோனால் தண்ணீருக்குக் காசு இல்லை.

பூங்கா இருக்கும் உல்லாச வளாகத்திலேயே விடுதிகளும் உண்டு. 2010 இல் திறந்த அதே வளாகத்தில் சூதாட்ட விடுதியும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே தங்குமிடம் தேர்வு செய்யுங்கள். லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் பகுதிகளில் தங்கினால் அப்துல் கபூர் பள்ளிவாசலோ சுல்தான் பள்ளிவாசலோ நடக்கும் தூரத்தில் இருக்கும். சுபுஹு ஜமாஅத்தும் கிடைக்கும், வாடகையும் குறையும். பூங்காவுக்கு ரயிலில் போய்விடலாம்.

உடை, காகிதம், கைச்செலவு

வெள்ளப் படகில் ஏறினால் தொப்பலாக நனைவீர்கள். பெண்கள் கனமான, ஒட்டாத துணியில் உடுத்துங்கள். மழைச் சட்டை ஒன்றை ஊரிலேயே வாங்கிப் போங்கள், மாற்றுடை எடுத்துச் செல்லுங்கள். வேகமான வண்டிகளில் முக்காட்டின் நுனி பறக்கக் கூடாது, உள்ளே செருகிக்கொள்ளுங்கள். பெரிய ஊசிகள் வேண்டாம். பிற்பகலில் இடியோடு மழை வருவது அங்கே வழக்கம். அப்போது திறந்தவெளி விளையாட்டுகளை நிறுத்திவிடுவார்கள். எனவே அவற்றைக் காலையில் முடித்துவிட்டு, கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு வையுங்கள்.

கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்ல வேண்டும். இந்தியர்களுக்கு விசா தேவை, அங்கீகாரம் பெற்ற முகவர் மூலம் விண்ணப்பியுங்கள். போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. மருந்துகளோடு மருத்துவர் சீட்டும் இருக்கட்டும். வெற்றிலைப் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை, சுவிங்கம் கொண்டுபோகவும் தடை. வாப்பும்மாவுக்கு இதை முன்பே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பூங்காவில் விளையாட்டு முடிந்து வெளியே வந்தால் பல இடங்களில் பொம்மைக் கடை வழியாகத்தான் வர வேண்டும். "வாங்கிக் கொடு" என்ற சண்டை அங்கேதான் தொடங்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளைகள் பெருநாள் காசைச் சேர்த்து வைக்கட்டும். அதை வெள்ளியாக மாற்றி அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். தன் காசு என்றால் பிள்ளை விலைச் சீட்டைத் திருப்பிப் பார்க்கும்.

சிறு பிள்ளைகளின் மணிக்கட்டில் உங்கள் கைப்பேசி எண்ணை எழுதுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று நுழைந்தவுடனேயே ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை

கடைசியாக ஒன்று. நம் அடுப்பின் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போனால், குழம்பில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டியாவது அவர்களுக்கும் கொடு என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். இன்று வாசனை கைப்பேசி வழியாகப் போகிறது. காலை பத்து மணிக்குப் பூங்கா வாசலில் ஒரு படம், பதினொரு மணிக்கு ஒரு படம், பன்னிரண்டு மணிக்கு ஒரு படம் என்று ஸ்டேட்டஸ் வைத்தால், இங்கே ஒரு வீட்டில் ஒரு பிள்ளை அதைப் பார்த்து வாப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்த வாப்பாதான் அடுத்த ஏப்ரலில் தவணைக் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறார். படம் எடுங்கள், குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் காட்ட வேண்டியதில்லை. திரும்பி வரும்போது அந்தப் பிள்ளைக்கும் ஒரு சின்னப் பொம்மை வாங்கி வாருங்கள். கிளம்புமுன் ஒரு ஸதகா கொடுத்துவிட்டுப் போங்கள். ஜகாத்தும் கடனும் பள்ளிக் கட்டணமும் தீர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மூன்றும் தீர்ந்திருந்தால் மனம் நிறையப் போய் வாருங்கள்.

திட்டம் தீட்ட உதவி தேவைப்படுகிறவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு அலுவலகம் வாருங்கள். செலவுக் கணக்கைச் சேர்ந்து எழுதிப் பார்ப்போம். பயணச் சேமிப்புக்காகப் பூட்டுப் போட்ட சிறு உண்டியல்களை மதரஸாப் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறோம், இலவசம்தான். போய்வந்தவர்கள் தங்கள் அனுபவத்தை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொண்டால் பலருக்கும் உதவும்.

யா அல்லாஹ்! எங்கள் குடும்பங்களில் மகிழ்ச்சியையும் எங்கள் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தருவாயாக. வட்டியை விட்டும் பெருமையை விட்டும் எங்களைக் காப்பாயாக. பயணம் போகிறவர்களை நலமாகக் கொண்டுபோய், நலமாகத் திருப்பித் தருவாயாக. பயணம் போக முடியாதவர்களின் வீடுகளிலும் அதே மகிழ்ச்சியை இறக்குவாயாக. ஆமீன்.

வ ஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.